வலையின் நல்ல பக்கம்

பேசிக்கொண்டிருக்கும்போதே டெய்லரின் வலது கை எதிரில் நிற்பவரின் சட்டை ஓரத்தைத் தேடிப் போய்விடும். கட்டைவிரல் மேலே, சுட்டுவிரல் கீழே. ஒரு புரட்டு. உள்பக்கத் தையலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஓரத்தை விட்டு, ஒரு தடவை நீவியும் விடுவார். சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் முடிவதற்குள் இவ்வளவும் நடந்துவிடும். தையல் நன்றாக இருந்தால் புருவம் லேசாக ஏறும். பிசிறு தொங்கினால் "ம்ச்" என்று ஒரு சத்தம். பேச்சின் நடுவே அது ஒரு கால்புள்ளி மாதிரி விழும். தெரிந்தவர்கள் பழகிக்கொண்டார்கள். தெரியாதவர்களிடம்தான் தொல்லை. ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்றவரின் கோட்டு ஓரத்தைப் புரட்டப் போக, அந்த ஆள் பர்ஸைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட, டெய்லர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தார்.

"கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களால?" என்றாள் மனைவி.

"லைனிங் வெளியே தொங்குது. அந்த ஆளுக்கே தெரியலை. பாவம்."

"அவன் லைனிங் தொங்கினா உங்களுக்கு ஏங்க மனசு தொங்குது?"

கடை துறைமுகத்துக்கு இறங்கும் சரிவுத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, இஸ்திரிப் பெட்டி, சுவர் நிறைய நூல்கண்டு. பின்னால் ஒரு அறை; அதுதான் வீடு. தெருவைவிடக் கடை தாழ்ந்திருந்ததால் ஜன்னலில் முகங்கள் தெரியாது. கால்சட்டை ஓரங்களும் பாவாடை ஓரங்களும்தான் போகும், வரும். யார் போகிறார்கள் என்று கேட்டால், "பட்டைத் தையல் பிரிஞ்ச சாம்பல் கலர்" என்பார். அது தபால்காரர். மனைவி இரண்டாவது மிஷினில் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், வாயைத் திறந்தால் ஊசி குத்துவாள்.

அவளுடைய தம்பிக்குக் கயிறு என்று பட்டப்பெயர். கடல் ஆராய்ச்சி நிலையத்தின் படகில் கயிறு இழுக்கிற வேலை. வேலையால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் திரிக்கிற கதைகளால் வந்த பெயர் என்று தெருவில் சொல்வார்கள். வலை வேலையை டெய்லரிடம் கொண்டுவந்து சேர்த்தது அவன்தான்.

ஒருநாள் மதியம் தோளில் ஒரு மூட்டையோடு படியிறங்கி வந்தான்.

"மாமா, பாவாடை ஒண்ணு தைக்கணும்."

"யாருக்குடா?"

"கடலுக்கு."

மூட்டையை மேசைமேல் விரித்தபோது டெய்லர் எழுந்து நின்றுவிட்டார். நிஜமாகவே பாவாடைதான். ஆனால் தலைகீழ்ப் பாவாடை. ஒரு பக்கம் ஆள் நுழையும் அளவுக்கு வளையம், மறுபக்கம் குறுகிக் குறுகி ஒரு டம்ளர் வாய் அளவு. அந்த வாயில் ஒரு டப்பாவை மாட்டுவார்களாம். படகு மெதுவாகப் போகும்போது தண்ணீரில் இதை இழுப்பார்களாம். தண்ணீர் வடிந்துவிடும், தண்ணீரில் மிதக்கிற பொடிப் பொடி உயிர்கள் டப்பாவில் சேரும்.

"மீனா?"

"மீனா? இதுல மீன் மாட்டினா மேடம் திருப்பிக் கடல்ல போட்டுடுவாங்க. அவங்க தேடறது கண்ணுக்கே தெரியாது. மாமா, நான் கயிறு திரிக்கலை, சத்தியமா."

மேடம் என்றது நிலையத்தின் ஆராய்ச்சியாளரை. எந்நேரமும் சல்லடையும் கையுமாக இருப்பதால் படகில் அவருக்குச் சல்லடை மேடம் என்று பெயர். வலை கிழிந்துவிட்டது. வெளியிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்கில் ஆகும். துணி தருகிறோம், தைத்துத் தர ஆள் இருக்கிறதா என்று மேடம் கேட்டிருக்கிறார். கயிறு நெஞ்சைத் தட்டிவிட்டு வந்திருக்கிறான்.

டெய்லரின் கை வழக்கம்போல வலையின் ஓரத்துக்குப் போனது. "ம்ச்." மூட்டுகள் எல்லாம் வெளிப்பக்கம் புடைத்து நின்றன. உள்பக்கம் மட்டும் மழமழவென்று இருந்தது.

"எவனோ அவசரத்துல உள்வெளியா தைச்சிருக்கான். நல்ல பக்கம் உள்ள போயிடுச்சு பாரு."

நல்ல பக்கம் என்பது அவர் தொழிலில் கடவுள் வாக்கு மாதிரி. எந்தத் துணிக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. அது வெளியே வரும். பிசிறும் மடிப்பும் உள்ளே போகும். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அதற்காகத் தலையில் குட்டியிருக்கிறார்.

புதுத் துணி பெட்டியில் வந்தது. புகையை நெய்தது போல ஒரு நைலான். கையில் எடுத்தால் எடுத்ததாகவே தெரியவில்லை. மேடமே கடைக்கு வந்து ஒரே ஒரு விஷயத்தை மறுபடி மறுபடி சொன்னார். ஊசி மிகவும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஊசி போட்ட துளை வலைக் கண்ணைவிடப் பெரிதாகிவிட்டால், பிடிக்க வேண்டியது அது வழியாகவே ஓடிவிடும். டெய்லர் ஊசிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். தையலை ஜாக்கெட்டுக்குப் போடுவதைவிடப் பொறுமையாகப் போட்டார். ஒரு ஓரத்தை இன்னொரு ஓரத்தின் மேல் மடித்து, பிசிறே தெரியாமல் இரண்டு வரிசை அடித்து, அந்த மடிப்பு முழுவதும் உள்பக்கம் போகும்படி திருப்பினார். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது.

மேடம் வந்து வளையத்தின் அளவு பார்த்தார், நீளம் பார்த்தார், வெளிப்பக்கம் உள்ளங்கையால் தடவினார்.

"மாஸ்டர், இது வலையா, கோட்டா?"

டெய்லருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. மேடம் உள்ளே கையை விட்டுப் பார்க்கவில்லை. சட்டை வாங்குகிறவர்களும் அப்படிப் பார்ப்பதில்லை.

அந்த வலை பெரிய கப்பலில் ஏறித் தூரத்துக் குளிர் கடலுக்குப் போனது. திரும்பி வந்து கயிறின் படகில் கரையோரக் கடலில் இழுபட்டது. மறுபடி கப்பலுக்குப் போனது. அது எங்கே போகிறது என்று கயிறு வந்து சொல்லும்போதெல்லாம் டெய்லர், தான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாடு போன பிள்ளையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்.

வலையின் வாய்க்கு ஒரு புது உறை தைத்துக் கொடுக்க நிலையத்துக்குப் போன அன்றுதான் மேடம் அவரை உள்ளே கூப்பிட்டார். நீளமான அறை. ஜன்னலோரம் கண்ணாடி ஜாடிகள், எல்லாவற்றிலும் அடியில் ஒரு விரல்கடை சோறு வடித்த கஞ்சி மாதிரி ஏதோ. நடுவில் ஒரு நுண்ணோக்கி.

"இவ்வளவு நாள் பாவாடை தைச்சீங்க. யாருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

டெய்லர் குனிந்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் திடீரென்று, கருப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாக. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிய ஒரு கொத்து. முதல் உருண்டை கடுகில் கால்வாசிகூட இல்லாதது போல, அடுத்தது அதைவிடச் சற்றுப் பெரிது, அடுத்தது இன்னும் பெரிது என்று ஒரு சுருளாகப் போய், கடைசி உருண்டை குடத்தைப் போல உப்பி நின்றது. எல்லாவற்றின் மேலும் ஊசி குத்தியது போல ஓட்டைகள். வரிசை பிசகாத ஓட்டைகள்.

அவர் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"இதை யார் தைச்சது?" என்றார் கடைசியில்.

மேடம் சிரித்தார். "அதுவேதான். ஒரே ஒரு செல் மாஸ்டர். கை கிடையாது, கண் கிடையாது. கடல்ல கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பை எடுத்துத் தனக்குத் தானே கூடு கட்டிக்குது. வளர வளர ஒரு அறை சேர்த்துக்கும்."

"அப்போ பழைய சட்டையைக் கழட்டறதே இல்லை. அதோட ஓரத்துலேயே அடுத்த அளவைத் தைச்சுக்குது."

"அப்படியே வெச்சுக்கலாம்."

"இந்த ஓட்டை எதுக்கு?"

"அது வழியா உடம்பை நூல் நூலா வெளியே நீட்டும். சாப்பாடு பிடிக்க."

டெய்லர் மறுபடி குனிந்தார். குனிந்தபடியே, தன் கேள்வி தப்பாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்ற தயக்கத்தோடு கேட்டார்: "இதுங்களால கடலுக்கு என்ன பிரயோஜனம் மேடம்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலே இதுகள் மிதக்கும்போது இதைத் தின்று வாழ்கிறவை உண்டு என்றார். செத்தால் கூடு கனம் என்பதால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சும்மா இறங்காது. செத்த பாசி, எச்சம், அழுக்கு எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டு போகும். வெளிச்சமே எட்டாத ஆழத்தில் இருக்கிற உயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. காற்றிலிருந்து கடலில் கரைந்த கரியில் கொஞ்சமும் அப்படித்தான் அடியில் போய்ச் சேர்கிறது.

"நாம இங்க பேசிக்கிட்டிருக்கும்போது கூட கடலுக்குள்ள பெய்ஞ்சுக்கிட்டே இருக்கு மாஸ்டர். மழைன்னா விட்டு விட்டுப் பெய்யும். இது விடறதே இல்லை. ஆழ்கடல்ல ரொம்பப் பரப்புக்குத் தரைன்னு நாம சொல்றதே இந்தக் கூடுகள்தான்."

டெய்லர் சட்டைப் பையைத் தடவி, துணியில் கோடு போடுகிற சாக்கை எடுத்து நீட்டினார். கண்ணில் ஒரு நம்பிக்கை. "அப்போ இதுவும் அந்தக் கூடுதானா?"

மேடம் வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். "இல்லை மாஸ்டர். இது வெறும் மாக்கல்."

டெய்லர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். சாக்கைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மேடம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றைச் சொன்னார். இந்தக் கூடுகளில் ஒரு வகை சூடான கடலில் வலப்பக்கம் சுருளும். குளிர்ந்த கடலில் இருக்கிறது இடப்பக்கம் சுருளும். அடித்தரையைத் தோண்டி எந்த அடுக்கில் எது கிடக்கிறது என்று பார்த்தால், எந்தக் காலத்தில் கடல் குளிர்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

"மேடம், ஒரு சந்தேகம். துணியைப் புரட்டிப் போட்டா வலது இடதாயிடுமே. இதைப் புரட்டிப் போட்டா?"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரியான கேள்வி. இதுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு மாஸ்டர். முதல் அறையிலேர்ந்து சுருள் முழுசா தெரியற பக்கம். அதை மேலே வெச்சுத்தான் பார்க்கணும்."

நல்ல பக்கம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில் டெய்லருக்கு ஒரு சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம்.

"இப்போ விஷயம் என்னன்னா, கொஞ்ச நாளா நம்ம கரையோரக் கடல்லேயே இடதுசுத்தி கிடைக்குது. உங்க வலையில. இங்க அது இருக்கவே கூடாது. ஆழத்துலேர்ந்து குளிர் தண்ணி மேலே ஏறி வருதுன்னுதான் அர்த்தம். வந்தா மீன் மாறும், எல்லாம் மாறும். அடுத்த வாரம் பெரிய கூட்டத்துல இதைச் சொல்லப் போறேன்." தன் வேலை தற்காலிக வேலைதான் என்றும், இதை ஏற்றுக்கொண்டால் நிரந்தரமாக்கிக் கப்பலும் ஆட்களும் தருவார்கள் என்றும் சொன்னார். "இது நின்னா நானும் நிப்பேன் மாஸ்டர். வலை யார் தைச்சதுன்னும் சொல்லுவேன்."

டெய்லர் வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார், இஸ்திரிக்குத் துணி கொண்டுவந்த பெண்ணிடம் சொன்னார். நுண்ணோக்கியில் பார்த்ததை மட்டும் யாரிடமும் சரியாகச் சொல்ல வரவில்லை. சொல்ல ஆரம்பித்துவிட்டு விரல்களைச் சுருட்டிச் சுருட்டிக் காட்டுவார்.

"வாயில வராததை எல்லாம் விரல்ல சொல்றாரு," என்றாள் மனைவி.

இரண்டொரு நாள் கழித்துக் கயிறு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். படகின் கொக்கியில் மாட்டிக் குறுக்குத் தையல் ஒன்று கிழிந்திருந்தது. மூட்டையை இறக்கிவிட்டுப் பின்னறைக்குச் சாப்பிடப் போனான். வெள்ளைத் துணியின் கிழிசல் தெரிய வேண்டுமென்று டெய்லர் மேசைமேல் கருப்புக் கோட்டுத் துணியை விரித்து, அதன்மேல் வலையைப் போட்டுத் தையலைப் பிரித்தார். மடிப்பு வாய் திறந்தது. கருப்புத் துணியில் வெள்ளையாக ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது.

மனைவி விளக்குமாற்றோடு வந்தாள். "இப்பதான் பெருக்கினேன். கடலையே கொண்டாந்து வீட்டுக்குள்ள கொட்டிக்கிட்டு..."

"இரு, இரு. மூச்சு விடாதே."

"மூச்சு விடாம எப்படிங்க இருக்கறது?"

துணியில் இழை எண்ணுகிற கண்ணாடியை எடுத்து அதன்மேல் வைத்துக் குனிந்தார். சின்னதாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. உருண்டை உருண்டையான கொத்து. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடியே, அதுங்கதான்! நம்ம மடிப்புக்குள்ள குடித்தனம் நடத்தியிருக்கு!"

"வாடகை குடுத்துதா?"

தட்டோடு எட்டிப் பார்த்த கயிறு மெல்லுவதை நிறுத்தினான். "எங்கேர்ந்து விழுந்தது மாமா?"

"உள்மடிப்பு. துணி வேகமா இழுபடும்போது தையலுக்கு நடுவுல லேசா வாய் பிளக்கும் போல. உள்ள போனது வெளியே வரலை."

"நான்தானே கப்பல்லேர்ந்து இந்த வலையை இறக்கினேன்," என்றான் கயிறு மெதுவாக. "குளிர் கடல்லேர்ந்து வந்த கையோட குழாய்த் தண்ணி அடிச்சுக் கழுவினேன். காய வெச்சேன். அப்புறம் நம்ம கரையோரம் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

மனைவி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "அப்போ அங்க ஏறினவன் இங்க வந்து இறங்கியிருப்பான்."

ஜன்னலில் யாருடைய காலோ போயிற்று. டெய்லர்கூட அது யார் என்று பார்க்கவில்லை.

"அக்கா, அந்த விளக்குமாத்தைக் குடு," என்றான் கயிறு. "மாமா, கேளுங்க. மேடம் மேடையேறப் போறாங்க. இந்த நேரத்துல போய் இதைக் காட்டினா அவங்க வேலையும் போகும். உங்க வலைதான் காரணம்னு தெரிஞ்சா அப்புறம் நிலையத்துலேர்ந்து ஒரு பட்டன்கூட உங்ககிட்ட வராது. பெருக்கித் தள்ளுங்க. இது தூசு."

"இது வலதா இடதான்னே தெரியலையேடா."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியாம என்ன பண்றது?"

கயிறு அக்காவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிற யாருக்கும் அந்தத் தோள் குலுக்கல் வந்துவிடும்.

டெய்லர் ஊசி முனையால் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். நொறுங்கிவிட்டது. ஈரப்படுத்திய நூல் நுனியால் இன்னொன்றைத் தொட்டார். அது ஒட்டிக்கொண்டு வந்து, காணாமல் போயிற்று. கண்ணாடியில் கொத்து தெரிந்ததே தவிரச் சுருள் எந்தத் திசை என்று பிடிபடவில்லை. ஒருவேளை எல்லாம் வலதாக இருக்கலாம். அப்படி இருந்தால் மேடத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை, கரையோரத்துத் தூசுதான். இடதாக இருந்தால்? அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவரைவிட்டுப் போக மறுத்தது. கையிலிருந்த கோட்டுக்கு இரண்டு தோளையும் இடம் மாற்றி வைத்துத் தைத்தார். பிரித்தார். மறுபடியும் மாற்றி வைத்தார்.

"கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க," என்றாள் மனைவி. "இல்லேன்னா வர்றவங்க போறவங்க சட்டையை எல்லாம் கிழிச்சுடுவீங்க."

உதிர்ந்ததைக் காகிதத்தில் கூட்டி எடுத்து ஒரு பட்டன் டப்பாவில் போட்டுக்கொண்டு போனார்.

மேடம் கூட்டத்துக்கான படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உற்சாகமாக இருந்தார். "வாங்க மாஸ்டர். என்ன டப்பா, எனக்குப் பட்டனா?"

"இதுல எது வலது, எது இடதுன்னு எனக்குச் சொல்லணும் மேடம். அவ்வளவுதான்."

"எங்க கிடைச்சது?"

"முதல்ல பாருங்க."

மேடம் டப்பாவைக் கருப்புத் தட்டில் தட்டி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக நல்ல பக்கம் திருப்பினார்.

"இடது," என்றார். "இடது. இது உடைஞ்சிருக்கு. இடது. இது வலது. இடது... அட, இவ்வளவா! இடது. எங்க எடுத்தீங்க மாஸ்டர் இதை?"

டெய்லர் பையிலிருந்து வலையின் பிரித்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பை விரலால் திறந்து காட்டினார்.

மேடத்தின் தூரிகை நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் அதைக் கழுவினார். ஒரு தூரிகையைக் கழுவ அவ்வளவு நேரம் தேவையில்லை.

"மடிப்பை உள்பக்கம் வெக்கச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை மேடம். பழைய வலையை எவனோ தப்பா தைச்சிருந்தான். வெளியே புடைச்சுக்கிட்டு அசிங்கமா இருந்தது. நான்தான், நல்ல பக்கம் வெளியே வர்ற மாதிரி..."

"அது தப்பா தைச்சது இல்லை மாஸ்டர்." மேடம் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. "சட்டையைப் பார்க்கறது மனுஷங்க. வெளியே நின்னு பார்ப்பாங்க. வலையைப் பார்க்கறது தண்ணி. அது உள்ள நுழைஞ்சுதான் பார்க்கும்."

டெய்லருக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அந்த வாக்கியம் அதைவிட வேகமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இத்தனை காலமும் நல்ல பக்கம் துணியில் இருக்கிறது என்று நினைத்திருந்தார். அது பார்க்கிறவர் நிற்கிற இடத்தில் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"நான் இதைக் கொண்டு வந்திருக்கக் கூடாதோ?"

மேடம் துண்டை மடித்து மேசையில் வைத்தார். "புது வலை எவ்வளவு சீக்கிரம் முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

வேறு எந்த வேலையையும் தொடாமல் தைத்தார். மூட்டெல்லாம் வெளியே, உள்ளே ஒரு மடிப்பும் இல்லாமல். கை ஒப்பவே இல்லை. ஒவ்வொரு மூட்டுக்கு வரும்போதும் விரல்கள் தாமாகவே துணியைத் திருப்பிப் பிடிக்கும். அவர் மறுபடி திருப்பிப் போடுவார். மிஷின் நின்று நின்று ஓடியது.

மனைவி வந்து பார்த்தாள். "அசிங்கமா இருக்கே."

"ஆமா. இப்பதான் சரியா இருக்கு."

அதைத் தண்ணீரில் இறக்கும்போது தானும் வருவேன் என்று டெய்லர் அடம் பிடித்தார். துறைமுகச் சரிவிலேயே வாழ்ந்தவர் என்றாலும் அதுவரை அவர் படகில் ஏறியதில்லை. ஏறியதும் கயிறு ஒரு வாளியைக் கையில் கொடுத்தான். "எதுக்குடா?" "தெரிஞ்சுடும் மாமா." தெரிந்துவிட்டது.

வாளிக்கு நடுநடுவே அவர் பார்த்தார். காலை வெயிலில் வளையம் தண்ணீரைத் தொட்டதும் வலை காற்றடைத்தது போல உப்பி, வாயைத் திறந்துகொண்டு இறங்கியது. புடைத்த மூட்டுகள் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு பச்சை. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தார். உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அடித்தரை வரை கூடு கூடாக, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். யாரும் தைத்துக் கொடுக்காத சட்டையோடு.

"என்ன மாமா, அழறீங்களா?"

"போடா. உப்புத் தண்ணி."

வலையை ஏற்றி, வெளியிலிருந்து குழாய் அடித்து எல்லாவற்றையும் டப்பாவுக்குள் இறக்கி, மேடம் அதை மார்போடு அணைத்தபடி அறைக்குள் போனார். டெய்லரும் கயிறும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக மேடத்தின் முதுகு தெரிந்தது. முதுகிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அவர் சட்டையின் தோள் தையல் கொஞ்சம் பிரிந்திருந்தது.

கதவு திறந்தது.

"எல்லாம் வலது," என்றார் மேடம்.

"ஒண்ணுகூட...?" என்றான் கயிறு.

"ஒண்ணுகூட."

வேறு இடங்களிலும் இழுத்துப் பார்த்தார்கள். இடதுசுற்றி இல்லவே இல்லை. மேடம் சுவரிலிருந்த படங்களைக் கழற்றினார், கூட்டத்திலிருந்து தன் பேச்சை விலக்கிக்கொண்டார். டெய்லர் அவர் முன்னால் நின்று ஏதோ சொல்ல முயன்றார். வரவில்லை. விரல்கள்தான் சுருண்டு சுருண்டு நின்றன.

"விடுங்க மாஸ்டர். நின்னிருந்தா கால் வலிச்சிருக்கும்," என்றார் மேடம்.

அந்த வேலை நிரந்தரமாகவில்லை. தற்காலிக வேலையும் கெடு முடிந்ததும் முடிந்தது. மேடம் வேறு ஊரில் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் அளவு போட்ட படம் ஒன்றைக் கொடுத்து, மூட்டு வெளியே இருக்கட்டும் என்றார். வலை வேலை டெய்லரைவிட்டுப் போகவில்லை. கயிறு சொன்னது நடக்காததில் கயிறுக்கே கொஞ்சம் வருத்தம்.

டெய்லர் இன்றைக்கும் நிலையத்துக்குப் போனால் நுண்ணோக்கியைப் பார்க்கவிடச் சொல்லிக் கேட்பார். விடுவார்கள். திரும்பி வந்து, சும்மா இருந்த எனக்கு இதையெல்லாம் காட்டிவிட்டுத் தன் வேலையை இழந்துவிட்டுப் போனாரே அந்த அம்மா, என் ஒரு மடிப்பால் எல்லாம் போயிற்றே, நான் டப்பாவைத் திறந்து காட்டுகிறவரை அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லையே என்று மனைவியிடம் புலம்புவார். அவள் காஜா எடுத்துக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

அவள் ஏன் வெறும் "ம்" கொட்டினாள் என்பது கயிறுக்கே வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் மேடம் தோள் தையலைப் போட்டுக்கொள்ளக் கடைக்கு வந்திருக்கிறார். டெய்லர் நூல் வாங்கப் போயிருந்தார். மனைவி ஊசி கோக்கும்போது மேடம் தானாகவே சொல்லியிருக்கிறார். உயிரோடு பிடிபடுகிற கூட்டுக்குள் மங்கலான மஞ்சளோ பழுப்போ நிறைந்திருக்கும். அதுதான் அதன் உடம்பு. கரையோரக் கடலில் கிடைத்த இடதுசுற்றி ஒன்றில்கூட அது இருந்ததில்லை. எல்லாமே வெறும் வெள்ளைக் கூடு, இங்கே உயிரோடு இருந்தவை அல்ல. முதல் ஜாடியிலேயே அதைப் பார்த்ததாகவும், அடுத்த ஜாடியை அவசரமாகத் திறந்ததாகவும் சொன்னாராம்.

மனைவி இதைத் தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.